வெளியே போகிற பாடங்கள்

என்னோடு புத்தகக் கடைக்கு வருவதென்றால் என் மகளுக்குக் கூச்சம். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலிலிருந்து கடைசிவரை பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பேன். போன மாதம் புனாவில், ஔந்துப் பக்கம் ஒரு பெரிய கடையில் விரலை எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கும் பெண் ஓடிவந்து, "ஆண்ட்டி, சப் நயா ஹை" என்றாள். மகள் முழங்கையால் இடித்தாள். புதிதாக இருந்தால் என்னவாம்? அண்ணாச்சி கடையில் தொங்கியது மட்டும் பழசா? அதுவும் அச்சு மை வாசனை போகாத புதுப் புத்தகம்தான்.

கட்கி ஃபேக்டரி க்வார்ட்டர்ஸில் என்னோடு ஒற்றைக்காலில் நொண்டி நொண்டி லங்டி ஆடியவர்களே, இது உங்களுக்குத்தான். இப்போது நமக்கெல்லாம் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒற்றைக்காலில் நின்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆனால் பஜார் முனையில் இருந்த அண்ணாச்சி கடையை மறந்திருக்க மாட்டீர்கள். அப்பளக் கட்டுக்கும் ஊதுபத்திக்கும் நடுவே கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாரே, ரோஜா நிற அட்டை போட்ட புத்தகம், தமிழ் வழியாக இந்தி கற்றுக்கொள்ள? உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பரணைத் துழாவிப் பாருங்கள். கிடைத்தால் பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கம். பொங்கலுக்கும் ஹோலிக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு மாதம்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் துணி உலர்த்த ஒரு துண்டு இடம். அதற்குப் பின்னால் ஃபேக்டரி மதில், மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு. பொங்கா என்று நாம் சொல்லும் அந்தச் சங்கு ஊதினால் அப்பா போவார், ஊதினால் வருவார். அம்மா போவதும் இல்லை, வருவதும் இல்லை. கல்யாணமாகி அரக்கோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவளுக்கு வீடு, முருகன் கோயில், அண்ணாச்சி கடை, இந்த மூன்றுதான் புனா. இந்த மூன்று இடத்திலும் தமிழ் செல்லுபடியாகும். அதைத் தாண்டினால் அம்மா வாயில்லாப் பூச்சி.

அந்த வாய் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். நீங்களெல்லாம் மைதானத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? காய்கறிக்காரியிடம் நான் பேச வேண்டும், மாவு மில்லில் நான் பேச வேண்டும். டிஸ்பென்சரியில் டாக்டரிடம் அம்மாவின் வயிற்றுவலியைச் சொல்ல வேண்டியவளும் நானே. அது என்ன வலி, எந்த நாளில் வரும் என்றெல்லாம் எனக்கே புரியாது. அம்மா காதில் கிசுகிசுப்பாள், நான் டாக்டரிடம் சத்தமாகச் சொல்வேன், வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அழுகை அழுகையாக வரும். எப்போதுதான் இந்தத் தொல்லை ஒழியுமோ என்று வேண்டாத தெய்வம் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய எதிர்வீட்டு அத்தைதான் செய்தியைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான் அவளுக்கும். கையில் ஒரு பை பச்சைப் பயறு, வாயில் கெட்ட செய்தி.

"உங்க அக்காவப் பாத்துட்டு வந்தேன்டி. ஆள் பாதியா பூட்டுது. வயித்துல கட்டியாம். எந்தங்கச்சி எப்ப வருவா, எப்ப வருவான்னு எங்கையப் புட்ச்சிகினு வுடல."

பெரியம்மா வெறும் அக்கா இல்லை. அம்மாவைப் பெற்றவள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்து, கட்டிக்கொடுத்து, புனா ரயிலில் ஏற்றிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவள் பெரியம்மாதான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்பாவுக்கும் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது. "மார்ச்சு முடியற வரைக்கும் ஒருத்தனுக்கும் சுட்டி, லீவு எதுவும் கெடையாது. டார்கெட்டு. ஞாயித்துக்கெழம கூட ஓவர்டைம் போட்டுக்கீறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

"நானும் பாப்பாவும் போறோம்."

"துணை இல்லாமலா?"

நம் க்வார்ட்டர்ஸின் சட்டம் அது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குப் போகிற பெண்ணுக்குத் துணை வேண்டும். யார் வீட்டு ஆம்பிளையாவது ஊருக்குக் கிளம்புகிறார் என்றால் அவரோடு நாலு வீட்டுப் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், தகர டப்பாக்கள் எல்லாம் கிளம்பும். கல்யாணமானாலும் சாவானாலும் துணை கிடைக்கிறவரை காத்திருக்க வேண்டும். அந்த மாசி பங்குனியில் ஒரு ஆம்பிளைக்கும் லீவு இல்லை. அதனால் ஒரு பெண்ணுக்கும் ஊர் இல்லை.

"பாப்பாவுக்கு இந்தி தெரியும்" என்றாள் அம்மா.

"பாப்பாவே ஒரு பாப்பா. துணைக்கி ஒரு துணை தேட்ணும். ஒனக்கு நாலு வார்த்த தெரிஞ்சாலாவது தேவல. டேசன்ல எவனாவது எதனா கேட்டா இன்னா சொல்லுவ? முழிச்சிகினு நிப்ப."

அவ்வளவுதான். பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தை அது. அம்மா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். இந்தி வந்துவிட்டால் போகலாம் என்று அவளுக்கு அர்த்தமாகிவிட்டது. மறுநாளே அண்ணாச்சி கடைக்குப் போய் அந்த ரோஜா அட்டைப் புத்தகத்தை வாங்கினாள்.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கிளிப்பைக் கழற்றினார். "நல்லாப் படிங்க தாயி. ஒரு மாசத்துல காய்கறிக்காரிய ஓட ஓட வெரட்டலாம்." எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். நல்ல மனிதர். எல்லோருமே நல்ல மனிதர்கள்தான், அதுதான் இந்தக் கதையில் வயிற்றெரிச்சல்.

அந்தப் புத்தகத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் படிக்க முடிந்தது. அதில் ஒரு பக்கம் தமிழ், எதிரில் இந்தி. எனக்கு இந்தி எழுத்து ஓடும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அம்மாவுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, இந்தி எழுத்து வெறும் கோடும் கொக்கியும். ஸ்டவ்வுக்கு முன்னால் மணையைப் போட்டு அம்மா உட்காருவாள், நான் பக்கத்தில். குழம்பு கொதிக்கும். "யஹ் சாவல் ஹை" என்று அரிசியைக் காட்டுவாள். "யஹ் நமக் ஹை" என்று உப்பைக் காட்டுவாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். சில சமயம் தப்பைத் திருத்துவார். "பரவால்லியே, பண்டிட்டு ஆயிடுவ போலக்கீதே" என்று கிண்டல் செய்வார். அம்மாவுக்கு வெட்கமும் பெருமையுமாக முகம் சிவக்கும்.

காய்கறி பாடம் முடிந்த அன்று என்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அம்மா தனியாகவே போனாள். காய்கறிக்காரி, முழங்கை வரை பச்சை வளையல் போட்ட மராட்டி மாவ்ஷி, அவள் வாய்க்குப் பயந்து பஜாரே ஒதுங்கும். அவள் முன்னால் நின்று அம்மா புத்தகத்தில் உள்ளபடியே, "க்ருபயா முஜே ஆதா கிலோ பைங்கன் தீஜியே" என்றாள். கட்கி பஜார் தோன்றிய நாளிலிருந்து கத்தரிக்காயை யாரும் அத்தனை மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். மாவ்ஷி வாயைப் பிளந்தாள். பிறகு பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, "ஏ, இக்கடே யே, ஐக்" என்று மறுபடி சொல்லச் சொன்னாள். அம்மா மறுபடியும் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒரு கைப்பிடி கொத்தமல்லியைச் சும்மாவே கூடையில் போட்டாள் மாவ்ஷி. அன்றைக்கு எனக்கு விடுதலை. நேராக மைதானத்துக்கு ஓடினேன், உங்களோடு இருட்டும்வரை லங்டி ஆடினேன். அதற்குமேல் ஒரு சந்தோஷம் எனக்கு அந்த வயதில் தெரியாது.

அம்மா விடவில்லை. பால்காரன், தையற்காரன், மருத்துவர் எல்லாப் பாடமும் முடிந்தது. டிஸ்பென்சரியில் தன் வயிற்றுவலியைத் தானே சொன்னாள், நான் வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னம் டேசன் பாடம்தான்டி பாக்கி. அது முடிஞ்சா உங்கப்பா வாயத் தொறக்க முடியாது" என்பாள். பெரியம்மாவுக்கென்று ஒரு புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரு மத்தியானம் பக்கத்தைத் திருப்பினோம். விருந்தினரை வரவேற்கும் பாடம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் இந்திப் பழமொழிகள். அம்மா முன்னால் போய்ப் பொருளடக்கத்தைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். "விருந்தினர் வருகை. பேருந்து நிறுத்தத்தில். ரயில் நிலையத்தில். வழி கேட்டல். தபால் நிலையத்தில். காவல் நிலையத்தில். பழமொழிகள்." மறுபடி நடுவே வந்து பார்த்தாள். விருந்தினர் இருந்தார்கள், பழமொழிகள் இருந்தன. இடையில் இருந்த எதுவும் இல்லை.

"பைண்டிங்ல வுட்டுப்போயிருக்கும். அண்ணாச்சி மாத்திக் குடுப்பாரு" என்றாள் அம்மா. செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வெயிலிலேயே கிளம்பினோம்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்த மாதிரி தெரியவில்லை. "அப்படியா தாயி? அச்சடிக்கையில விட்டுப்போயிருக்கும். அதான் மிச்சம் அம்புட்டும் இருக்குல்லா?"

"எனக்கு அந்தப் பாடம்தான் வேணும். வேற புஸ்தகம் குடுங்க."

வேறு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். விருந்தினர், உடனே பழமொழி. இன்னொன்று. அதிலும் அப்படியே. எனக்குப் பொறுமை போய்விட்டது. அரிசி மூட்டைமேல் ஏறி நின்று தொங்கியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பிரித்தேன். "ஏ பிள்ள, கசக்காத, கசக்காத" என்று அண்ணாச்சி கல்லாவிலிருந்து கத்தினார். ஒவ்வொரு புத்தகத்திலும் அதே இடத்தில் பைண்டிங்கோடு ஒட்டி ஒரு மெல்லிய காகித விளிம்பு நின்றது. விரலால் தடவிப் பார்த்தேன். கிழித்தது இல்லை, அச்சில் விட்டதும் இல்லை.

"அம்மா, எல்லாத்துலயும் பிளேடு போட்டு அறுத்துக்கீது!"

கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு வந்தார். அம்மா அசையாமல் நின்றாள். பதில் கிடைக்காமல் அவள் போக மாட்டாள் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"தாயி, உள்ளதச் சொல்லுதேன். நாலஞ்சு வருசம் முன்ன, உங்க முன்வரிசை வீட்ல ஒரு பொண்ணு இருந்துச்சுல்லா? புருசன் குடிச்சிட்டு அடிப்பாம்னு சொல்லுவாவ. ஒரு நாள் பிள்ளையத் தூக்கிட்டு ரயிலேறிப் போயிட்டு. அவன் வந்து என் கடை வாசல்ல உக்காந்துட்டான். 'உம் புத்தகத்தப் படிச்சுத்தான் ஓடிட்டா'ங்கான். கடை தொறக்க விடல. நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னு பாக்காவ. 'எலேய், நீ அடிச்ச, அவ போனா, அண்ணாச்சி என்னல செய்வாரு'ன்னு ஒருத்தர் சொல்லணுமே? சொல்லல. நான் பிழைக்க வந்தவன். அன்னைல இருந்து, வீட்டுக்கு வேண்டிய பாடம் இருக்கட்டும், வெளிய போற பாடம் வேண்டாம்னு எடுத்திருதேன்."

"எடுத்தது எங்க?"

"அதெல்லாம் எப்பவோ சீரகமும் மொளகும் பொட்டலம் கட்டியாச்சு." பிறகு கொஞ்சம் ஆச்சரியத்தோடு கேட்டார். "உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? க்வார்ட்டர்ஸ்ல ஆம்பிளைகளுக்கு எல்லாம் தெரியுமே தாயி."

எனக்குக் கடலை மிட்டாய் நீட்டினார். நான் வாங்கவில்லை. வீரம்தான், ஆனால் வீடு வரும்வரை நாக்கு அதையே நினைத்துக்கொண்டிருந்தது. வழியில் மாவ்ஷி கூப்பிட்டுக் கையசைத்ததைக்கூட அம்மா பார்க்கவில்லை.

அன்று அப்பா ஓவர்டைம் முடிந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அம்மா சோற்றைப் போட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

எது என்று அப்பா கேட்கவில்லை. "அது அண்ணாச்சி அவரா செஞ்சது. நாங்க யாரும் செய்யச் சொல்லல."

"செய்யாதன்னு சொன்னீங்களா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இப்ப இன்னா ஆயிடுச்சி? காய் வாங்கற, டாக்டராண்ட பேசற. இன்னா கொறச்சலு ஒனக்கு? டேசன் பாடத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"தெனம் ஒக்காந்து படிச்சேனே, எதுக்குப் படிக்கறேன்னு தெரியும்தானே? இதே எடத்துல ஒக்காந்துகினு பாத்தீங்களே?"

"ஆசையா படிக்கறியேன்னு வுட்டுட்டேன்" என்றார் அப்பா.

அப்பா குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பார். சனிக்கிழமைதோறும் சிவாஜி நகர் போய் மல்லிகைப்பூ வாங்கிவருவார். இவ்வளவு நல்லவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? அம்மா சண்டை போடவில்லை. இப்போது நானும் ஒரு குடும்பம் நடத்திப் பார்த்த பிறகு தோன்றுகிறது, அப்பாவுக்குப் பயம். முன்வரிசைக்காரன் கடை வாசலில் உட்கார்ந்து கத்தியதைப் பார்த்த எல்லா ஆம்பிளைக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. அடிக்கிறவன் பயப்பட்டால் நியாயம் உண்டு. அடிக்காதவருக்கு என்ன வந்தது? "போனா வந்துடுவியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "வராம எங்க போவேன்" என்று அம்மா சொல்லியிருப்பாள். கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூச்சு முட்டியது. வெயில் ஏறிவிட்டது. மதிலில் பட்ட சூடு பின்கதவு வழியாக உள்ளே வரும். அம்மா இந்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் மறுபடியும் கூடையைத் தூக்கினேன். மாவ்ஷி, தான் அம்மாவுக்கு வைத்த பெயரைச் சொல்லி, "க்ருபயா பாய் ஏன் பேசல?" என்று என்னைக் கேட்டாள், நான் தோளைக் குலுக்கினேன். மத்தியானத்தில் பம்பாய்ப் பக்கம் போகிற ரயிலின் ஊதல் கேட்கும். அம்மா அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டு, அது முழுக்கக் கடந்து போகிறவரை அப்படியே இருப்பாள். பிறகு முறத்தைத் தட்டுவாள்.

"நான் சொல்லித்தரேன்மா டேசன் பாடத்த" என்றேன் ஒரு நாள். சொல்லித்தர உட்கார்ந்தால் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. நான் மட்டும் எந்த ஸ்டேஷனில் தனியாக நின்றேன்? அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். டிக்கெட் எங்கே எடுப்பார்கள், எந்த டப்பாவில் ஏறுவார்கள், டி.டி.ஆர். என்ன கேட்பார், எனக்கும் தெரியாது. எனக்கும் அந்தப் பக்கங்கள் இல்லை.

ஹோலி வந்தது. வெளியே ஒரே கூச்சல், டப்பா அடி, வண்ணத் தண்ணீர். முன்கதவைத் தாழ் போட்டுவிட்டு அம்மா உள்ளே இருந்தாள். எதிர்வீட்டு அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கமாக வந்து சேர்ந்தாள். அப்படியும் காதெல்லாம் பச்சை. இரண்டு பேரும் ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து பால் காய்ச்சினார்கள். அப்போதுதான் அம்மா முதல் தடவையாகப் புத்தகக் கதையை வெளியே சொன்னாள். அத்தை தன் வீட்டுப் புத்தகத்தை முதல் பாடத்தோடு மூடி வைத்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரு? முன்வரிசைக்காரியா? புஸ்தகம் படிச்சா?" என்றாள் அத்தை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா?"

"அடியேய், அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாதுடி! அவளுக்கு ஊருக்குக் கடுதாசி எழுதிக் குடுத்ததே நானு. அந்தப் புஸ்தகத்த அவ புருசந்தான் வாங்கியாந்து குடுத்தான். அவ அத்த அரிசிப் பான மேல மூடி வெச்சிகினு இருந்தா."

"அப்ப எப்பிடிப் போனா?"

"எப்பிடிப் போவாங்க? புள்ளைய இடுப்புல வெச்சிகினு, டேசன் டேசன்னு கேட்டுகினே போயிட்டா. அடி தாங்கல, போயிட்டா. அதுக்குப் பாடமா படிப்பாங்க?"

பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்தது. அம்மா கவனிக்கவில்லை. அத்தைதான் பாத்திரத்தை இறக்கினாள். அம்மா திரும்பத் திரும்ப, "படிக்கத் தெரியாதவளா? படிக்கவே தெரியாதவளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் பொங்கா ஊதி அப்பா போன பிறகு அம்மா ராத்திரிச் சோற்றையும் சேர்த்து ஆக்கினாள். குழம்பை மூடி, மேலே ஒரு தட்டை வைத்தாள். எனக்குக் கோயிலுக்குப் போடும் வெள்ளிக்கிழமை உடுப்பைப் போட்டுவிட்டாள். பெரியம்மாவுக்கு எடுத்த புடவையைப் பையில் வைத்தாள். "பரீட்ச இருக்கேம்மா" என்றேன். "வந்து எழுதிக்கலாம், வா" என்றாள். சாவியை அத்தையிடம் கொடுத்து, "அவருகிட்ட சொல்லுங்கக்கா, அக்காவப் பாத்துட்டு வந்துடறேன்னு" என்றாள். அத்தை எங்கள் இருவருக்கும் குங்குமம் வைத்துவிட்டாள்.

பஜார் முனையில் சிக்ஸ் சீட்டர் ஆட்டோக்காரன், "ஸ்டேஷன், ஸ்டேஷன், ஸ்டேஷன்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அம்மா நின்று கேட்டாள். அவன் வருஷக்கணக்காக அதே இடத்தில் அதையேதான் கத்திக்கொண்டிருக்கிறான். ஏறி உட்கார்ந்தோம்.

நான் வழியெல்லாம் வாய்க்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன். டிக்கெட் வரிசையில் போய் நின்றோம். முன்னால் நின்ற கிழவர் யாரிடமோ திரும்பி, "அரக்கோணத்துக்கு எவ்ளோப்பா ஆவும் இப்போ?" என்றார். அம்மா என் கையை இறுக்கினாள். "அரக்கோணமா? நாங்களும் அங்கதான்" என்றாள். "அப்டியா? எந்த ஊரு? ரெண்டு டிக்கெட்டா? குடும்மா, நானே சேத்து எடுக்கறேன்" என்றார் அவர்.

பிளாட்பாரத்துக்குப் போனால் அங்கே கதையே வேறு. தகர டப்பா, கோணிப்பை, அழுகிற குழந்தை, ஈயத் தூக்கு, "ஏய் அந்தப் பக்கம் போவாத", "தண்ணி புட்ச்சிகினு வாடா", "மாமாவ எங்கடி காணோம்". மெட்ராஸ் வண்டிக்கு நிற்கிற கூட்டம் பின்னே எந்த மொழி பேசும்? கூலிக்காரர்கூட எங்களைப் பார்த்து, "ஜெனரல் டப்பாவா? முன்னாடி போய் நில்லும்மா, இங்க நிக்காது" என்றார். அம்மா நாலாபக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "எல்லாம் நம்ப ஜனம்டி. பாரேன். எல்லாம் நம்ப ஜனம்" என்றாள். பிறகு பையின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். நான் அடுக்கி வைத்திருந்த இந்தி வாக்கியங்களில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வண்டியில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள், புளிச்சோறு கொடுத்தவர்கள், என்னை மடியில் சாய்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் தமிழ் பேசினார்கள். அம்மா அன்று பேசிய அளவுக்கு நான் அவளைப் பேசிப் பார்த்ததில்லை. அக்கா என்னை எப்படி வளர்த்தாள் தெரியுமா என்று டப்பா முழுவதற்கும் சொன்னாள். போனதும் என்ன சமைத்துக் கொடுப்பது, புனாவுக்கே கூட்டிவந்து பெரிய டாக்டரிடம் காட்டலாமா என்றெல்லாம் யோசனை கேட்டாள். டாக்டரிடம் பேசத் தனக்கு இந்தி தெரியும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். பெரியம்மா வீட்டு வாசல் தண்ணீர் ஊற்றிக் கழுவப்பட்டு ஈரமாக இருந்தது. இரண்டு பேர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே எடுத்துவிட்டார்களாம். தந்தி கொடுத்திருக்கிறார்கள், அது புனாவுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ரயிலில் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மாவைக் கட்டிக்கொண்டு பெண்கள் அழுதார்கள். அம்மா அழவில்லை. பையைக் கீழே வைக்காமல் நின்றாள். பெரியப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோபமா, துக்கமா, சொல்ல முடியாது.

"மாசக்கணக்கா உன் பேரத்தாம்மா சொல்லிகினு இருந்தா. யார் வந்தாலும் நீதான்னு வாசலயே பாத்தா. புனா இன்னா, அவ்ளோ தூரமாம்மா?"

அம்மா சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று. துணை இல்லை என்று. அண்ணாச்சியின் பிளேடை, அப்பா சோறு பிசைந்துகொண்டே சொன்னதை, எல்லாவற்றையும். அவள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தலையில் கையை வைத்தாள்.

"தூரம் இல்ல மாமா. வழி தெரியாதுன்னு நெனச்சிகினு வூட்டுலயே ஒக்காந்துட்டேன்."